வன்தட்டு ஒன்றின் இறுதி நாட்கள்

பழுதடைந்த கணினியைக் கடைக்கு எடுத்துச் செல்பவர் ஒரு வேலையைக் கேட்கிறார். கடைக்காரர் பெரும்பாலும் வேறொரு வேலையைச் செய்து கொடுக்கிறார். இருவரும் அதனைத் ‘திருத்துதல்’ என்ற ஒரே சொல்லாற் குறிப்பிடுவதனால் இவ்வேறுபாடு கணினி கைக்குத் திரும்பி வரும்வரை வெளிப்படுவதில்லை. வன்தட்டைத் திருத்துவது ஒரு பணி. வன்தட்டில் உள்ளதை மீட்பது இன்னொரு பணி. இவை ஒன்றுக்கொன்று துணையானவை என்று நாம் இயல்பாகவே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இவை பல வேளைகளில் ஒன்றுக்கொன்று பகையானவை. எதனை வேண்டி நிற்கிறோம் என்பதைத் தெளிந்துகொள்ளாமல் ஆணியைக் கழற்றத் தொடங்கினால், கணினி பிழைத்து, அதனுள் இருந்தது இறந்துபோகும்.

கலைப்பீட மாணவன் ஒருவன் தமிழ்ச் சங்கத்து மலரில் வன்தட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், கிழக்கிலங்கையின் கூத்து, வசந்தன், வழிபாட்டுப் பாடல்கள் ஆகியன பற்றி இன்று ஆராய விரும்புபவன் தேடிச் செல்லவேண்டிய சுவடிச்சாலைகளிற் சில, யாரோ ஓர் ஆசிரியரின் வீட்டு அலுமாரியிற் கிடக்கும் பழைய மடிக்கணினிகளே. ஏட்டைச் செல்லரிக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனால் நூறாண்டுக்கொருமுறையேனும் பிரதி செய்தனர். மடிக்கணினியை எது அரிக்கும், எவ்வளவு காலத்தில் அரிக்கும் என்பதைப் பற்றி நம்முட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

என் தாய்மாமன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2012, 2013 ஆம் ஆண்டுகளிற் படுவான்கரைக் கிராமமொன்றில் வாழ்ந்த முதிய அண்ணாவியார் ஒருவரிடம் வாரந்தோறும் சென்று, அவர் பாடிய வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்களையும் சொல்லிக்காட்டிய தாளக்கட்டுகளையும் ஒலிப்பதிவு செய்தார். மண்முனைப் பாலம் 2014 இலேதான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் எழுவான்கரையிலிருந்து அவ்வழியாற் செல்வோர் வாவியைப் ‘பாதை’யிற் கடந்தனர். (பாதை என்றால் இங்கே வழியன்று, மனிதரையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு மட்டக்களப்பார் இட்ட பெயர். வெளியூர் நண்பர்கள் இதனைக் கேட்டு மயங்குவதுண்டு.) ஒலிப்பதிவுக் கருவியைச் சொப்பிங் பையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாமா பாதையேறிய காட்சி எனக்குச் சிறுவயது நினைவாக இருக்கிறது. அக்கருவியின் நினைவகம் சிறியது. ஆகவே வீடு திரும்பியதும் பதிவுகளை மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, அடுத்த வாரத்துக்காகக் கருவியை வெறுமையாக்குவார். இவ்வாறு சேர்ந்தவை 86 கோப்புகள்; ஏறத்தாழ 27 மணி நேரம். அவற்றை இறுவட்டுகளிலும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அண்ணாவியார் 2017 இற் காலமானார்.

அந்த 27 மணி நேரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கூத்துப் பிரதிகள் அச்சில் உள்ளனவே என்றும் சொல்லலாம். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்கு ஏற்றியதை இச்சங்கத்தார் நன்கு அறிவர். அதே பேராசிரியர்தான் 1962 இல் தென்மோடிக் கூத்தாகிய அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்து அச்சிலும் ஏற்றினார். புதுக்குவது ஒன்று, உள்ளபடி காப்பது மற்றொன்று என்று கண்டு, இரண்டையும் தனித்தனியே செய்தவர் அவர். ஆயினும் அச்சு சொல்லைத்தான் காக்கும். ஒரு தருவை எந்த இடத்தில் நிறுத்தி மூச்செடுக்க வேண்டும், மத்தளக்காரர் எங்கே தாளத்தைத் தீர்க்க வேண்டும் என்பன அச்சில் வருவதில்லை. போதாக்குறைக்கு, எங்கள் அண்ணாவியாரின் கொப்பிகளும் ஏடுகளும் 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியிற் கூரையோடு போய்விட்டன. அதன் பின்னர் அவர் பாடியவை யாவும் நினைவிலிருந்தே பாடப்பட்டவை. எனது ஆய்வுக்கட்டுரை அவருடைய தாளக்கட்டுகளைப் பற்றியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆகவே எனக்கு இவ்விடயத்திற் சுயநலமும் உண்டு.

2024 நவம்பரில், மாரி தொடங்கிய நாட்களில், மடிக்கணினி நோயுற்றது. இயங்கத் தொடங்கவே கால்மணி நேரம் எடுத்தது. சில கோப்புறைகள் உடனே திறந்தன. 2013 என்று பெயரிட்ட கோப்புறையைத் தொட்டால் மாத்திரம் திரை உறைந்து நின்றது. மாமா இறுவட்டுகளைத் தேடி எடுத்தார். பன்னிரண்டு ஆண்டு உப்புக்காற்றும் ஈரமும் பட்டு, சிலவற்றிற் பூஞ்சணம் கோலமிட்டிருந்தது. சிலவற்றின் வெள்ளிப் பூச்சு விளிம்பிலிருந்து உரிந்திருந்தது. இரண்டே இரண்டு இறுவட்டுகள் ஓரளவு வாசிக்கப்பட்டன. நகரிலுள்ள கடையொன்றிற் காட்டியபோது, “விண்டோஸ் அடிச்சுத் தந்தால் புதுசு மாதிரி ஓடும்” என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. சிறிது காலம் புதிதுபோல் ஓடத்தான் செய்திருக்கும்.

அவ்வாறு ஓடுவது எதனால் என்பதை விளங்கிக்கொள்ள, வன்தட்டு எப்படி வாசிக்கிறது என்பதைச் சற்று அறிந்திருக்க வேண்டும். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுத் தொகுதி 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துக்களையே தாங்கின. மாமாவின் மடிக்கணினியில் இருந்தது இரண்டரை அங்குலத் தட்டு. அதன் கொள்ளளவு 320 ஜிகாபைட். தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல, வாசிக்கும் தலை அதன்மீது படாமல், சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின்மேல் மிதக்கிறது. தலைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நனோமீற்றர். மனிதத் தலைமயிரின் தடிப்போ ஐம்பதாயிரம் நனோமீற்றருக்கு மேல். வீட்டில் வைத்து வன்தட்டின் மூடியைத் திறக்கலாகாது என்று சொல்வதன் காரணம் இதுவே: ஒரு தூசு போதும். பெட்டியின் மேற் சிறு துளையொன்று உண்டு. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமப்படுவதற்காக வடிகட்டியோடு அமைக்கப்பட்ட அத்துளையை மூடவேண்டாம் என்று அதன்மேலேயே எழுதியிருப்பார்கள். வாவிக்கரையின் ஈரக்காற்றை அத்துளை வழியே பல்லாண்டுகள் சுவாசித்த வன்தட்டு அது.

தட்டின் பரப்பு செக்டர் எனப்படும் சிறு துண்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு துண்டத்தோடும் அதிலுள்ளது சரியா என்று சோதித்துத் திருத்தும் குறியீடும் எழுதப்பட்டிருக்கும். வாசிக்கும்போது சிறுபிழை நேர்ந்தால் அக்குறியீட்டைக் கொண்டு வன்தட்டு தானே திருத்திக்கொள்ளும். பிழை பெரிதாயின், அது மீண்டும் மீண்டும் வாசிக்க முயலும். திரை உறைந்து நிற்பது அந்நேரத்திலேதான். முயன்றும் இயலாத துண்டத்தை அது ‘நிலுவை’ என்று குறித்து வைத்துக் காத்திருக்கும். எதற்காகக் காத்திருக்கிறது? அத்துண்டத்தின்மேற் புதிதாக எதையேனும் எழுதச் சொல்லும் கட்டளைக்காக. எழுதச் சொன்னால், எழுதிப் பார்த்து, தாங்கினால் நிலுவையிலிருந்து நீக்கும். தாங்காவிட்டால் கையிருப்பிலுள்ள வேறொரு துண்டத்தை அதற்குப் பதிலாக அமர்த்தும். இரண்டில் எது நடந்தாலும் வன்தட்டு தேறிவிடும். பழைய உள்ளடக்கமோ அக்கணமே அழியும். வன்தட்டு முழுவதையும் துடைத்துப் புதிதாக விண்டோஸ் நிறுவுவதாற் கணினி சுகமடைவதன் இரகசியம் இதுதான். நோயின் அடையாளத்தையும் நமது கோப்பையும் ஒரே துணியால் துடைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் பெரும்பாலும் கணினி வேகமாக ஓடவேண்டும் என்றுதான் கேட்கிறார். கடைக்காரர் அதற்குப் பழகியிருக்கிறார். எங்களுக்கோ அந்தக் கணினி இனி ஒருபோதும் ஓடாவிட்டாலும் பாதகமில்லை.

ஆகவே முதலாவதாகச் செய்யவேண்டியிருந்தது, ஒன்றும் செய்யாமல் இருப்பதே. கணினியை வழமைபோல் இயக்குவதையே நிறுத்தினோம். விண்டோஸ் தொடங்கும்போது தட்டிற் பிழை கண்டால், தானாகவே திருத்த முற்பட்டு எழுதத் தொடங்கிவிடும். நோயுற்ற தட்டுக்கு அது நல்லதன்று. பின்புறத்து மூடியின் ஆணிகளைக் கழற்றி வன்தட்டை வெளியே எடுத்து, யூஎஸ்பி இணைப்பொன்றின் ஊடாக, லினக்ஸ் நிறுவிய என் நண்பனின் கணினியில் வாசிப்பதற்கு மட்டும் பொருத்தினோம்.

இனி நோயறிதல். எல்லாக் கோளாறும் தட்டின் கோளாறன்று. இணைப்புக் கம்பி தளர்ந்திருந்தாலும் இதே குறிகள் தோன்றும். மின்வழங்கி பலவீனமாயினும் தோன்றும். உப்புக்காற்றில் மின்சுற்றுப் பலகையின் தொடுமுனைகள் கறுத்துப்போயிருந்தாலும் தோன்றும். கம்பியையும் இணைப்பையும் மாற்றிப் பார்த்தோம். பலகையை எடுத்துத் தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பராற் மெல்லத் துடைத்தோம். மாற்றமில்லை. பின்னர் காதால் அறிய முற்பட்டோம்.

வாவியிற் பாடும் மீனைக் கேட்க விரும்புவோர் பூரணை இரவிற் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பர். இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்ததும், அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானதும் மட்டக்களப்பிற் பலரும் அறிந்த செய்தி. வன்தட்டைக் கேட்பதும் ஏறத்தாழ அதே முறைதான். திருப்புளியின் முனையைப் பெட்டியின்மேல் மெல்ல வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் ஒற்றிக் கேட்க வேண்டும். சீரான ‘டக், டக்’ என்ற ஒலி முதலிலிருந்தே கேட்குமாயின் தலை பழுது. அதற்குமேல் வீட்டில் ஒன்றும் செய்வதற்கில்லை, தூசற்ற அறையும் பயிற்சியும் உடைய நிபுணரிடம் செல்ல வேண்டியதுதான். சுழலாமல் மெலிதாக முனகுமாயின் மோட்டார் இறுகிவிட்டது. எங்களுடையது சீராகச் சுழன்றது. இடையிடையே மட்டும் தடுக்கி, நாலைந்து முறை சுரண்டி, மறுபடி தொடர்ந்தது. தலை உயிரோடிருக்கிறது, பரப்பிற்றான் புண் என்று ஊகித்தோம்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவரும் ஏற்பாடொன்று உண்டு. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அக்குறிப்பை வாசித்தபோது ஊகம் உறுதியாயிற்று. இடம்மாற்றப்பட்ட துண்டங்களைக் காட்டும் 5 ஆம் இலக்கத்தில் 1,184. நிலுவைத் துண்டங்களைக் காட்டும் 197 ஆம் இலக்கத்தில் 312. இணைப்புக் கம்பியின் பிழைகளைக் காட்டும் 199 ஆம் இலக்கத்திற் பூச்சியம். ஆகவே கம்பி குற்றமற்றது. இவ்வளவும் இருக்க, குறிப்பின் தலைப்பில் ஒட்டுமொத்த முடிவாக அது எழுதியிருந்த சொல் ‘தேறியது’ என்பதாகும்! தன் வினாத்தாளைத் தானே திருத்தும் மாணவனிடம் வேறெதனை எதிர்பார்க்க முடியும்? இது எங்கள் வன்தட்டின் தனிக்குணமன்று. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் 2007 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதடைந்தவற்றுள் 36 வீதத்துக்கும் அதிகமானவை ஸ்மார்ட் குறிப்பில் எவ்வித அறிகுறியும் காட்டாமலே பழுதடைந்தன. மறுதலையாக, பரப்பிற் சோதனைப் பிழையொன்று முதன்முதலாகத் தோன்றிய தட்டு அடுத்த 60 நாட்களுள் இறப்பதற்கான வாய்ப்பு, பிழையற்ற தட்டைக் காட்டிலும் 39 மடங்கு என்றும் அவர்கள் கண்டனர். சுருங்கச் சொன்னால், வன்தட்டு ‘நலம்’ என்று சொன்னால் நம்பவேண்டியதில்லை. ‘நோகிறது’ என்று சொன்னால் உடனே நம்பவேண்டும்.

தட்டின் பரப்பு முழுவதையும் சோதிக்கும் நீண்ட சோதனையொன்றும் உண்டு. நண்பன் அதனை நடத்திப் பார்க்கலாம் என்றான். நான் உடன்படவில்லை. சாகக்கிடக்கும் தட்டை ஒருமுறை முழுவதும் வாசிப்பது அதன் எஞ்சிய ஆயுளிற் பெரும்பகுதியைச் செலவிடுவதாகும். வாசிக்கத்தான் போகிறோமென்றால், அந்த வாசிப்பிலேயே பிரதியையும் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு வாசிப்பும் எஞ்சியிருப்பதைத் தேய்க்கிறது என்ற நினைவு இருந்தால், கேள்வி ‘எப்படி வாசிப்பது’ என்பதிலிருந்து ‘எதனை முதலில் வாசிப்பது’ என்பதாக மாறிவிடும். அண்ணாவியாரின் பதிவுகள் ஏறத்தாழ எட்டரை ஜிகாபைட். தட்டின் கொள்ளளவில் மூன்று வீதமும் இல்லை. அவற்றை மட்டும் எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று சொல்லும் பெயரேடு தட்டின் ஓரிடத்திலும் கோப்புகள் வேறிடத்திலும் இருப்பதாற் கோப்பு கோப்பாக எடுக்கப் புகுந்தால் தலை ஓயாமல் முன்னும் பின்னும் அலையவேண்டும். அத்துடன், 2013 கோப்புறைக்குரிய பெயரேட்டுப் பகுதியே புண்பட்டிருந்தது. எனவே முதல் துண்டத்திலிருந்து இறுதித் துண்டம்வரை வரிசையாகப் பிரதி செய்வதென்று தீர்மானித்தோம்.

இதற்கென்றே அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிய டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் உண்டு. அதன் நெறி எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணமாகப் பிரதி செய்யும் நிரல் தடுக்கிய இடத்திலேயே நின்று முட்டிமோதும். இதுவோ முதற் சுற்றில் தடுக்கிய இடத்தை விட்டு விலகி, தாண்டிச் சென்று, எளிதில் வருவதை எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். எங்கெங்கே விட்டுவந்தது என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவைக்கும். பின்னரே விட்ட இடங்களுக்குத் திரும்பிச் சென்று, ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லச் சுரண்டும். மின்சாரம் நின்றாலும் குறிப்புக் கோப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டுக் கண்ட நாட்டில் இது சிறிய வசதியன்று. மின்கலம் செத்த மடிக்கணினியைச் சுவர் மின்சாரத்தில் மட்டும் நம்பி ஓட்டிய அந்நாட்களில், ஒவ்வொரு வெட்டின்போதும் வன்தட்டின் தலை அவசரமாகப் பின்வாங்கி ஒதுங்கியிருக்கும். மாமாவின் தட்டில் முதற் புண்கள் அக்காலத்திலே தோன்றியிருக்கலாம் என்று எண்ணுகிறேன், நிறுவ முடியாது.

முதற் சுற்று ஐந்து மணி நேரத்தில் 98.6 வீதத்தைக் கொண்டுவந்தது. மகிழ்ந்துபோனோம். எஞ்சிய நாலரை ஜிகாபைட்டுக்கு நான்கு இரவுகள் வேண்டியிருந்தன. வன்தட்டின்கீழ் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்து, மேசைவிசிறியைத் திருப்பிவிட்டு, கைவைத்துப் பார்த்துச் சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டோம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் உயிர்க்கும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். மாரிகாலத்து மட்டக்களப்பிற் குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்தால் அரை நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். அந்த நீர்த்துளி தட்டின்மேற் படிந்தால் கதை முடிந்தது. மூன்றாம் இரவிற் பின்னோக்கி வாசிக்கச் சொன்னபோது, முன்னோக்கி வராத சில பகுதிகள் வந்தன. நான்காம் நாட் காலை, சுரண்டும் ஒலி மாறி, நாங்கள் அஞ்சிய ‘டக், டக்’ தொடங்கிற்று. நிறுத்திவிட்டோம். ஏறத்தாழ 190 மெகாபைட் வரவில்லை. அதன்பின் அந்த வன்தட்டை நாங்கள் மின்சாரத்தில் இணைக்கவில்லை.

வராத பகுதி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். 2003 பெப்ரவரி 1 ஆம் திகதி வானிற் சிதறிய கொலம்பியா விண்ணோடத்தில் இருந்த 400 மெகாபைட் வன்தட்டொன்று, சில மாதங்களின் பின்னர் வற்றிய ஏரிப்படுக்கையொன்றில் உருகிக் கருகிய நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த ஆய்வுத் தரவில் ஏறத்தாழ 99 வீதத்தை மீட்புவல்லுநர் மீட்டனர். செனன் வாயு பற்றிய அவ்வாய்வின் முடிவு 2008 இல் வெளிவந்தது. தட்டு சேதமடைந்திருந்தது உண்மைதான். ஆனால் பழைய டோஸ் முறைமை தரவைச் சிதறவிடாமல் ஓரிடத்திற் சேர்த்து எழுதியிருந்தது. சேதம் அவ்விடத்தில் இல்லை. எங்களுக்கும் அத்தகைய நற்பேறு ஓரளவு வாய்த்தது. பதிவுகள் சுருக்கப்படாத ஒலிக்கோப்புகளாக இருந்தன. அவ்வகைக் கோப்பில் ஒரு செக்கனுக்கு 88,200 பைட். 4,096 பைட் கொண்ட துண்டமொன்று தொலைந்தாற் போவது செக்கனில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. கேட்பவருக்கு அது ஒரு சொடுக்கு. அதே துண்டம் சுருக்கிக் கட்டிய கோப்பொன்றில் தொலைந்தால் முழுக் கோப்புமே திறக்காமற் போகலாம். மாமா அண்ணாவியாரைப் பற்றி எழுதிய முன்னுரை அவ்வாறுதான் போயிற்று.

அவரது வேறு சில குறிப்புகள் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகத் தாறுமாறாகத் திறந்தன. நண்பன் அவற்றையும் கெட்டவை என்று ஒதுக்கப் பார்த்தான். அவை கெடவில்லை, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. எழுத்துருவை நிறுவியதும் தமிழ் எழுந்து நின்றது. நம் நாட்டில் இரண்டு தலைமுறை தட்டச்சிட்ட தமிழ் இவ்வாறு ஆங்கிலக் குப்பைபோற் தோன்றும் வேடத்தில் இருக்கிறது என்பதை மீட்பு வேலை செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பெயரேடு தப்பிய 49 கோப்புகள் பெயரோடும் திகதியோடும் வந்தன. ஏனையவற்றுக்குப் பெயரேடு இல்லை. ஃபோட்டோரெக் என்ற மென்பொருள், பெயரைப் பாராமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாள எழுத்துக்களைத் தேடி, அவ்விடத்திலிருந்து வெட்டியெடுக்கும். அவ்வாறு 34 ஒலிக்கோப்புகள் கிடைத்தன. மூன்று கிடைக்கவேயில்லை. கிடைத்த முப்பத்து நான்கும் வெறும் இலக்கங்களைப் பெயராகக் கொண்டிருந்தன. எந்தக் கூத்து, எந்த நாள், பாடலா தாளக்கட்டா என்று ஒன்றும் தெரியாது. ஆய்வுக்குப் பெயரற்ற ஒலி பாதிதான் பயன்படும்.

அங்கே மென்பொருளின் வேலை முடிந்து மாமாவின் வேலை தொடங்கிற்று. விறாந்தையிற் சாய்கதிரையில் அமர்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் கேட்டார். அவர் முதலில் அண்ணாவியாரின் குரலைக் கேட்கவில்லை என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. பின்னால் இருந்த ஒலிகளைக் கேட்டார்.

“இது மார்கழி மனே. தவளை கத்துறது கேக்குதா? இதுக்கு மறுகா அவர் காய்ச்சலெண்டு ரெண்டு கிழமை படுத்திட்டார்.”

மற்றொன்றில் உழவு இயந்திரமொன்று தூரத்திற் சென்றது. அது வயல் விதைப்புக் காலம் என்றார். இன்னொன்றில் அண்ணாவியாரின் மனைவி வெற்றிலைத் தட்டத்தை வைக்கும் ஒலி. அவர் 2013 வைகாசியில் இறந்தமையால் அதற்கு முந்தியது. ஒரு பதிவிற் பாட்டு நடுவே நின்று, நீண்ட மௌனம். கோப்பு பழுதோ என்று நான் திரையிற் பார்த்தேன், பழுதில்லை. மாமா கண்ணைத் திறக்காமலே, “அதில அழுதவர்” என்றார். சதங்கை அணிந்த நாளிலே தன்னோடு ஆடிய தோழர் ஒருவரை நினைத்து நிறுத்தியதாம். அது எந்தப் பெயரேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஐந்து பின்னேரங்களில் முப்பத்து நான்கில் முப்பத்திரண்டுக்குப் பெயரும், மாத அளவிலேனும் காலமும் குறித்துக்கொண்டோம். மாமாவுக்கு வயது எழுபத்தொன்று. இவ்வேலை இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தாற் கோப்புகள் பத்திரமாக இருந்தும் பெயரிட ஆளிருந்திருக்காது.

இப்போது பதிவுகள் மூன்று பிரதிகளாக உள்ளன: ஒன்று மாமாவின் வீட்டில், ஒன்று வந்தாறுமூலையில் என்னிடம், ஒன்று கொழும்பிலுள்ள உறவினர் வீட்டில். மூன்றாவதை வாவியிலிருந்து தொலைவில் வைக்கவேண்டும் என்று மாமா வற்புறுத்தினார். சூறாவளியையும் 2004 டிசெம்பர் 26 ஐயும் கண்டவர் அவர். பிரதி இருந்தாற் போதாது, அது வேறிடத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு அரசாங்கத்திலேயே உதாரணம் உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கணினித் தொகுதி கப்பம் கோரும் தீநிரலாற் தாக்கப்பட்டபோது, அதனோடு இணைந்தே இருந்த காப்புப் பிரதிகளும் பூட்டப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம ஆவணகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க விரும்புகிறோம். அதற்கு அண்ணாவியாரின் பிள்ளைகளின் சம்மதம் வேண்டும். குரல் அவர்களுடைய தகப்பனாருடையது. மூத்த மகன் உடன்பட்டுவிட்டார், மகள் அழுகைப் பதிவைக் கேட்டபின் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

பெயரிடப்படாத இரண்டு பதிவுகளிலும் அண்ணாவியாரோடு இரண்டாவது குரலொன்று சேர்ந்து பாடுகிறது. அது யாருடையது என்று மாமாவுக்கு நினைவில்லை. அந்நாட்களிற் சல்லாரி போட்ட ஒருவர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இன்னும் இருக்கிறார். கண்பார்வை குறைந்துவிட்டது, செவி நன்றாகக் கேட்கும் என்கிறார்கள். பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமை அவரிடம் செல்ல இருக்கிறோம். நல்ல ஒலிபெருக்கியொன்றை நண்பனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.